மூப்பும் தோலும்

மன்ற மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற மார்கழியிலும் தையிலும் எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்று இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆகவே விண்வெளியை வேறு நண்பர்களுக்கு விட்டுவிட்டு, நம் எல்லோரையும் போர்த்தியிருக்கும் தோலைப் பற்றி, அதிலும் மூத்தோரின் தோலைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் படிப்பது உயிர்வேதியியல், மருத்துவம் அன்று. எனவே இதில் மருந்துச் சீட்டை எதிர்பார்க்க வேண்டா. தேர்வில் தோலைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய ஒருத்தி, வீட்டில் எப்படித் தோற்றாள் என்பதைச் சொல்லப் போகிறேன்.

என் தந்தையைப் பெற்ற ஆச்சிக்கு வயது 81. அம்பாசமுத்திரத்துக்கு அருகே தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். அடுத்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஆற்றிலன்றி வேறெங்கும் குளித்தறியாதவர் என்றே சொல்லலாம். தாத்தா மறைந்தபின் ஊரில் தனியே இருக்க வேண்டா என்று அப்பா வற்புறுத்தி டெல்லிக்கு அழைத்து வந்தார். வந்து சேர்ந்தது கார்த்திகைக் கடைசியில். டெல்லியில் வாழும் நண்பர்களுக்கு அக்குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சியின் அறைக்குப் புதிய ரஜாய், கட்டிலருகே மின்சார ஹீட்டர், காலையும் மாலையும் ஆவி பறக்கும் வெந்நீர் என்று எல்லா ஏற்பாடும் செய்தோம். குறை ஒன்றும் வைக்கவில்லை என்று பெருமையும் கொண்டோம்.

பத்து நாள் சென்றது. ஒரு நள்ளிரவில் யாரோ சுவரைச் சுரண்டுவது போன்ற ஓசை கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். இருட்டில் உட்கார்ந்து ஆச்சி கால்களைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஒண்ணுமில்லட்டி, மேலெல்லாம் ஊறுது. நீ போய்ப் படு" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்தாற்போல் செதில். அதனூடே கோடையில் வற்றிய குளத்து வண்டல் போல மெல்லிய வெடிப்புகள்.

அழுக்கு என்று நினைத்தேன். இல்லையென்றால் சிரங்காயிருக்கலாம் என்றும் ஐயுற்றேன். மறுநாள் முதல் கிருமிநாசினிச் சோப்பும் பீர்க்கங்கூடும் கொண்டு, நாள்தோறும் இரு வேளை நானே தேய்த்துக் குளிப்பாட்டினேன். அரிப்பு மிகுந்தது. மருந்துக் கடையில் சொன்னேன். மருத்துவர் சீட்டு ஏதும் கேளாமல் ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாளே ஆச்சி நிம்மதியாக உறங்கினார். எனக்கோ சஞ்சீவி மலையையே கொண்டுவந்துவிட்ட மகிழ்ச்சி. மூன்று வாரம் கைகளிலும் கால்களிலும் அதைத் தடவினேன்.

தை மாதம் பிறந்து சில நாளில், கதவுத் தாழ்ப்பாள் இடித்து ஆச்சியின் முன்கையில் ஒரு சிறு காயம். கடுகளவுதான் இருக்கும். அதன்மேல் ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, வலி தெரியாதிருக்கட்டும் என்று, நமக்கெல்லாம் சிறுவயதில் செய்வார்களே அப்படி, ஒரே இழுப்பாக இழுத்தேன். பிளாஸ்திரியோடு தோலும் வந்தது. நனைந்த தாள் கிழிவது போல ஓசையே இல்லாமல், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு உரிந்து வந்தது. நான் அழுதுவிட்டேன். இரத்தம் வழியும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி என்னைத் தேற்றினார்!

அன்று மாலையே அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் வடநாட்டு அம்மையார்; ஆச்சியின் தமிழை நான் இந்தியில் பெயர்த்துச் சொன்னேன். அவர் மருந்து எழுதுமுன் கேள்விகளே கேட்டார். நாளைக்கு எத்தனை முறை குளியல்? நீர் எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்? என்ன சோப்பு? எதைக் கொண்டு தேய்ப்பது? படுக்கைக்கு எவ்வளவு தொலைவில் ஹீட்டர்? ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லச் சொல்ல, வாய்மொழித் தேர்வில் அடுத்தடுத்துத் தவறு செய்யும் மாணவியைப் போல என் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் களிம்புக் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார். அவர் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

இனி அன்று நான் வீட்டுக்கு வந்து, பாடநூலை மீண்டும் எடுத்து, இம்முறை ஆச்சியின் கையை முன்னே வைத்துக்கொண்டு படித்ததைச் சொல்கிறேன்.

வளர்ந்த மனிதன் ஒருவனின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். மேல்தோல், அதன் கீழே அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்புப் படலம் என்று மூன்று அடுக்கு. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதனுள்ளும் வெளிப்புறத்தே இருப்பது உயிரற்ற அணுக்களால் ஆன ஒரு படலம். நம்மைக் காக்கும் மதில் இதுவே. தட்டையான உயிரணுக்கள் செங்கற்களாக அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் இடையே செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போலப் பூசப்பட்டிருக்கின்றன. உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுப்பது அந்தச் சாந்தே. இப்படலத்தில் உள்ள நீர் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால் அது மென்மையிழந்து வெடிக்கத் தொடங்கும்.

இளமையில் மேல்தோல் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறந்த அணு மெல்ல மெல்ல மேலேறி, செத்து, செதிலாக உதிர்கிறது. முதுமையிலோ இந்தப் பயணத்துக்கு ஒன்றரை மடங்கு காலமோ அதற்கு மேலுமோ ஆகிறது. சாந்து பூசும் வேலையும் சுணங்குகிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்ந்து விடுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இது விரைவாகவே நிகழ்கிறது. ஆகவே இருபது வயதுத் தோலில் சாந்து கரைந்தால் ஓரிரு நாளில் மீண்டும் பூசப்பட்டுவிடும். எண்பது வயதுத் தோலிலோ, பூசி முடிப்பதற்குள் அடுத்த வெந்நீர் வாளி வந்துவிடுகிறது.

சோப்பு செய்வது என்ன? தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது, பி.எச். எண் 5-ஐ ஒட்டியிருக்கும். சாதாரணச் சோப்போ காரம். அதன் எண் 9 முதல் 10 வரை. அழுக்கிலுள்ள எண்ணெய்க்கும் சுவரின் சாந்துக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. வெந்நீர் அதற்குத் துணை செய்கிறது. பீர்க்கங்கூடு செங்கற்களையே பெயர்க்கிறது. நான் நாளுக்கு இரு முறை நடத்தியது குளிப்பாட்டல் அன்று, மதிலிடிப்பு.

ஹீட்டரைப் பற்றி ஒரு சொல். வெளியே பனிமூட்டம் கண்ணை மறைக்கிறதே, காற்றில் இவ்வளவு ஈரம் இருக்க அறைக்குள் எப்படி வறட்சி என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். 8 டிகிரி சென்டிகிரேடில் உள்ள காற்று, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்றை அறைக்குள் கொணர்ந்து 24 டிகிரிக்குச் சூடேற்றினால், அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 22 கிராம் ஆகிவிடுகிறது. அதனிடம் இருப்பதோ அந்தப் பழைய 8 கிராமே. பசித்த காற்று! தாகத்தைத் தீர்த்துக்கொள்ள அது சுவரையும் துணியையும் நாடுவது போல ஆச்சியின் காலையும் நாடுகிறது. ஹீட்டருக்கு மிக அருகே இருந்த கால்களில் வெடிப்பு முதலில் தோன்றியதன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

மருத்துவ அம்மையார் சொன்ன மாற்றங்கள் எளியவை. குளியல் நாளுக்கு ஒருமுறை போதும். கடுங்குளிரில் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடப் போதும். நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். மற்ற இடங்களுக்கு நீரே போதும். துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுதும் உலருமுன், சில நிமிடங்களுக்குள்ளேயே, மேலெல்லாம் பசையுள்ள ஒன்றைத் தடவ வேண்டும். அது தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீரைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகவே உலர்ந்தபின் தடவினால் பயன் குறைவு.

எதைத் தடவுவது? இங்கே எங்கள் வீட்டில் ஒரு சிறு மாநாடே நடந்தது. அம்மா, "அத்தைக்குத் தேங்காய் எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளும்" என்றார். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் கடுகெண்ணெயைப் பரிந்துரைத்துக் கிண்ணத்தோடு கொண்டுவந்துவிட்டார். மருத்துவரோ வாசலின் என்றார். இம்மூன்றில் வாசலின் மிக எளியது; மலிவு. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் குழாய்களில் படியும் மெழுகைத் தம் வெட்டுக்காயங்களில் தடவிக்கொள்வதைக் கண்டு, அதைத் தூய்மைப்படுத்தி 1872-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். நீர் ஆவியாவதைத் தடுப்பதில் இன்றும் அதற்கு ஈடானவை குறைவு. தேங்காய் எண்ணெயும் தாழ்ந்ததன்று. வறண்ட தோலில் அதைக் கனிம எண்ணெயோடு ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், இரண்டும் ஒன்றுபோலவே பயன்பட்டன. ஆனால் கடுகெண்ணெய், எலிகளின் தோலில் மதில் பழுதுபார்க்கப்படுவதைத் தாமதப்படுத்தியதாக 2002-இல் ஓர் ஆய்வு கண்டது. சூரியகாந்தி எண்ணெயோ விரைவுபடுத்தியது. பஞ்சாபி அம்மையார் மனம் வருந்தாதபடி அந்தக் கடுகெண்ணெயை அம்மா சமையலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

முடிவில் காலுக்கும் கைக்கும் வாசலின், மற்ற இடங்களுக்குத் தேங்காய் எண்ணெய் என்று சமாதானம் ஆயிற்று. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் ஆகையால், புட்டியை வெந்நீர்க் குவளையில் நிறுத்தி உருக்கிக்கொள்வோம். இரண்டு எச்சரிக்கைகளை மறக்கலாகாது. எண்ணெய் தடவிய காலோடு குளியலறையில் நடக்கவிட்டால், தோலைக் காக்கப் போய் இடுப்பெலும்பை இழக்க நேரும்; ஆகவே உட்கார வைத்துத் தடவி, உள்ளங்காலைத் துடைத்துவிட வேண்டும். மற்றொன்று, பசை ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். ஹீட்டர், அகல்விளக்கு, பீடி ஆகியவற்றுக்கு அருகே கவனம் வேண்டும்.

அந்தக் களிம்புக் குழாய்? அது மூன்று மருந்துகளின் கலவை. அவற்றுள் ஒன்று வலிய ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும் என்பது உண்மை. மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள் மட்டும் தடவினால் அது நல்ல மருந்தே. ஆனால் நாள்பட்டால் தோலை மெலியச் செய்யும். முன்பே மெலிந்த தோலில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணையில் 2018-இல் இந்திய அரசு சேர்த்தது. சட்டம் இருக்கிறது, குழாயும் என் கைக்கு வந்தது.

பிளாஸ்திரியோடு தோல் உரிந்ததற்குக் களிம்பு மட்டும் காரணமில்லை. மேல்தோலும் அடித்தோலும் சேருமிடம் இளமையில் நேர்கோடாக இராது. மேலிருந்து இறங்கும் மேடுகளும் கீழிருந்து எழும் மேடுகளும், நாம் இரு கைவிரல்களைக் கோத்துப் பிடிப்பது போல ஒன்றனுள் ஒன்று பொருந்தியிருக்கும். கோத்த கைகளைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், எளிதில் பிரியா. மூப்பில் அம்மேடுகள் தேய்ந்து சமமாகிவிடுகின்றன. உள்ளங்கை மேல் உள்ளங்கையை வெறுமனே வைத்தது போல ஆகிவிடுகிறது. இப்போது இழுத்தால்? வழுக்கிப் போய்விடும். நான் செய்தது அதுவே.

அடித்தோலின் கதையும் இதைப் போன்றதே. அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத நார். மீள்தன்மை தருவது எலாஸ்டின். வளர்ந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வீதம் கொலாஜன் குறைந்துகொண்டே வருகிறது. எலாஸ்டினோ பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்யப்பட்டதுதான். பின்னர் புதிதாக நெய்வது அரிது. அதனால்தான் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் நமக்கு உடனே படிகிறது. அவர்களுக்குக் கூடாரம் போல நிற்கிறது. உடலில் நீர் வற்றியதா என்று பார்க்க முதியவரின் புறங்கையைக் கிள்ளுவது ஏமாற்றும் சோதனை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாக்கையும் சிறுநீரின் நிறத்தையும் பார்ப்பது மேல்.

இரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த நார்மெத்தையும் கொழுப்பும் குறைவதால், லேசாக இடித்தாலும் குழாய் உடைந்து, முன்கையில் நாவற்பழம் நசுங்கியது போன்ற ஊதாத் திட்டுகள் தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் பேட்மனின் பெயராலேயே இன்றும் இது வழங்குகிறது. பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்போருக்கு இது மிகும். புதிதாக உடலெங்கும் தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று அண்டை வீட்டார் பேசுவதும் உண்டு. எங்களுக்கும் அந்தப் பார்வை கிடைத்தது.

தோல் உரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை அன்று செவிலியர் செய்யப் பார்த்துக் கற்றேன். தொங்கும் தோலை வெட்டி எறியக் கூடாது. சுத்தமான உப்புநீரால் கழுவி, ஈரத் துணிச்சுருளால் அத்தோலை மெல்ல உருட்டிப் பழைய இடத்திலேயே படிய வைத்தார். அதன்மேல் ஒட்டாத வலைத்துணி. அதன்மேல் சுற்றுக் கட்டு. தோலில் படும்படி எந்தப் பிளாஸ்திரியும் ஒட்டவில்லை. பிறகு பேனாவால் கட்டின்மேல் ஓர் அம்புக்குறி வரைந்தார். அடுத்த முறை கட்டைப் பிரிப்பவர், தோல் மடங்கியுள்ள திசையறிந்து அவ்வழியே எடுப்பதற்காக அக்குறி. எவ்வளவு சிறிய செய்கை! பிறகு தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றார்கள். ஏற்கெனவே பிளாஸ்திரி ஒட்டியிருந்தால், எண்ணெயிலோ நீரிலோ நன்றாக ஊற வைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, மேல்நோக்கி இழுக்காமல் தோலை ஒட்டியபடியே கிடையாக, மெதுவாக மடக்கி எடுக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தனியே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் முனைகளுக்குப் பழந்துணி சுற்றினேன். ஆச்சிக்கு முழுக்கைச் சட்டை தைத்தோம். என் வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றினேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். எழுப்பும்போது மணிக்கட்டைப் பற்றி இழுக்கும் பழக்கத்தை விட்டு, உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கக் கற்றுக்கொண்டேன். நண்பர்களே, விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது தாத்தா பாட்டியைப் பேருந்தில் ஏற்றுகையில் நம் கை எங்கே பற்றுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

எல்லா அரிப்பும் வறட்சியால் வருவதன்று என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, தைராய்டு, இரும்புச் சத்துக் குறைவு, சில மருந்துகள், அரிதாக இரத்தப் புற்று ஆகியவையும் அரிப்பாகவே முதலில் தலைகாட்டலாம். ஆச்சிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வீட்டில் பலருக்கும் அரிப்பு இருந்து, விரலிடுக்கில் கொப்புளம் கண்டால் அது நான் ஐயுற்ற சிரங்கேதான். அதற்கு வேறு மருந்து.

அக்கியைப் பற்றி நம்மவர்க்கு ஒரு வார்த்தை. முதுமையில் தோலின் காவல் அணுக்கள் குறைகின்றன. உடலின் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. சிறுவயதில் அம்மை போட்டபோது நரம்பில் ஒளிந்த கிருமி, ஐம்பது அறுபது ஆண்டு கழித்து வெளிவந்து, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளங்களை எழுப்பும். ஊரில் குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதுவது வழக்கம். எழுதிக்கொள்வதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் வைரசை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். எழுதிவிட்டுக் காத்திருப்பதில் அந்த மூன்று நாள் போய்விடுகிறது. கொப்புளம் ஆறியபின்னும் மாதக்கணக்கில் எரியும் நரம்புவலியை அனுபவித்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது. 50 வயது கடந்தோர்க்கு இதற்குத் தடுப்பூசியும் உண்டு.

சுருக்கங்களைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லையே என்று சில தோழியர் நினைப்பர். நரையும் திரையும் மூப்பின் வேலை என்று எண்ணுகிறோம். திரையில் பெரும்பங்கு கதிரவனின் வேலை. ஆச்சி இளமை முதல் வயலில் நாற்று நட்டவர். அவர் முகமும் புறங்கையும் பனையோலை போலச் சுருங்கியிருக்க, மேற்கையின் உட்புறம் வெயில் படாத காரணத்தால் இன்றும் வழுவழுப்பாக இருக்கிறது. இரண்டுக்கும் வயது 81தானே? நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2012-இல் ஒரு படம் வெளியிட்டது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவர். சன்னல் பக்கமிருந்த இடப்பாதி முகம் மட்டும் ஆழச் சுருங்கித் தொங்கியது. கண்ணாடியை ஊடுருவி வரும் ஏ வகைப் புறஊதாக் கதிர் செய்த வேலை அது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் நடந்த சோதனையில், வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாயிருந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். நம் கருநிறம் ஒரு நல்ல குடை. வெள்ளையரைவிடச் சுருக்கம் நமக்குத் தாமதித்தே வரும். முழுக் காப்பு அன்று.

கொலாஜன் கலந்த விலையுயர்ந்த பசைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்ட பொருள் தோலினுள் நுழைவது கடினம். கொலாஜனின் எடையோ ஏறத்தாழ 3 லட்சம். அது வாசற்படியிலேயே நின்று கழுவுகையில் போய்விடும். வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்துக்கு, 1986-இல் கிளிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு முதல் நல்ல சான்று உண்டு. ஆனால் அது எரிச்சல் தரும். வறண்ட முதிய தோலில் நாமாகத் தொடக் கூடாது. முதியோரின் முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தாற்போல் தோன்றும் கரிய மருக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆறாத புண், இரத்தம் கசியும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகப் பரவும் கறுப்பு ஆகியவற்றை மட்டும் காட்டாமல் விடக் கூடாது.

வெயிலை அடியோடு பகைக்கவும் முடியாது. தோலில் வைட்டமின் டி உண்டாகும் ஆற்றல் முதுமையில் இளமையினதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே ஆச்சியை மொட்டைமாடியில் சிறிது நேரம் உட்கார வைப்போம். டெல்லியின் சித்திரை வெயிலில் அது பொருந்தாது. வியர்வைச் சுரப்பிகளும் தளர்ந்திருப்பதால் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் முதியோர் விரைவில் சுருண்டுவிடுவார்கள்.

மாசியில் ஆச்சிக்குச் சளிக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையில் கிடந்தார். ஐந்தாம் நாள் துணி மாற்றும்போது, அடிமுதுகில் எலும்பின்மேல் ஒரு ரூபாய் அகலத்தில் நிறம் கருத்துத் தெரிந்தது. தொட்டால் சுற்றியிருந்த தோலைவிடச் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. அதுவே படுக்கைப் புண்ணின் பிள்ளையார் சுழி. 1930-இல் லாண்டிஸ் என்பவர் விரலின் நுண்குழாய்களில் இரத்த அழுத்தத்தை அளந்து, தமனிப் பக்கத்தில் பாதரச அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் என்று கண்டார். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்கும் இடத்தில் அழுத்தம் அதைவிட எளிதில் மிகுந்துவிடும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் தசை செத்துப்போகும். சிவந்த தோலில் பார்ப்போர் விரலால் அழுத்தி, வெளுத்துச் சிவக்கிறதா என்று காண்பார்கள். நம் கருநிறத்தில் சிவப்பு தெரியாது. நிறமாற்றம், சூடு, கெட்டித்தன்மை ஆகியவற்றைக் கையாலேயே உணர வேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அப்பா இரவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும், நான் நான்குக்கும் ஆறுக்கும் என்று முறை வைத்து அலாரம் வைத்தோம். இழுத்துத் திருப்பாமல் விரிப்போடு தூக்கித் திருப்பினோம். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி வைத்தோம். அந்த இடத்தைத் தேய்த்துவிடலாமா என்று அம்மா கேட்டார். கூடாது, உள்ளே நசுங்கிய குழாய்கள் மேலும் சிதையும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தையும் கூடாது. பருப்பு, முட்டை என்று புரதம் கூட்டினோம். சைவமான ஆச்சி முட்டையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆறேழு நாளில் கருப்பும் கெட்டியும் நீங்கின. புண்ணாகவில்லை. தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அதற்கு இணையாகாது.

பங்குனியில் குளிர் முற்றும் விட்டதும் ஆச்சி ஊருக்குப் புறப்பட்டார். "ஆறு இருக்கையில எனக்கு ஏன் வாளித் தண்ணி?" என்று அப்பாவிடம் கடைசிவரை வாதாடி வென்றார். முன்கையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு வெளிறிய தழும்பு மட்டும் நிலைத்துவிட்டது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறேன். "குளிச்சதும் எண்ணெய் தடவுனீங்களா ஆச்சி?" என்று நான் கேட்பேன். அவர் விடை சொல்வதில்லை. "ஏட்டி, நீ நகத்த வெட்டுனியா?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்.